ஒரு பவுண்டு மீனும் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலமும்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆங்கில ஆசிரியை கேட்டிருக்கிறார்: "ஒன்பதாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். பாதிப் பேர் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். இலக்கணம் சொல்லிக்கொடுப்பதா, பேசப் பழக்குவதா என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போது, பயிற்சி வகுப்பில் கதையையும் கவிதையையும் வைத்து ஆங்கிலம் நடத்தச் சொல்கிறார்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இது ஒத்துவருமா? பாடத்தை முடிக்கவே நேரமில்லையே?"

ஒத்துவரும் டீச்சர். ஆனால் கதையையும் கவிதையையும் நாம் இதுவரை நடத்திவந்த விதத்தில் ஒத்துவராது. நான் முப்பத்தொரு வருஷம் இந்தச் சீமையில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். அதில் முதல் பத்து வருஷம் தப்பாக நடத்தினேன். அந்தத் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அப்போது துணைப்பாடத்தில் ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் கதைச்சுருக்கம் இருந்தது. கடனைத் திருப்பாவிட்டால் உன் உடம்பிலிருந்து ஒரு பவுண்டு சதையை அறுத்துக்கொள்வேன் என்று ஷைலக் பத்திரம் எழுதி வாங்குவானே, அந்தக் கதை. அரையாண்டுத் தேர்வில் அதைப் பற்றி ஒரு பத்தி எழுதவேண்டும். திருத்திக்கொண்டே வந்த நான் பதினேழாவது தாளில்தான் கவனித்தேன்: ஷைலக் 'எ பவுண்ட் ஆஃப் ஃபிஷ்' கேட்டிருந்தான். சதையைக் குறிக்கும் 'ஃபிளெஷ்' மீனாகியிருந்தது. திருத்தி முடித்த கட்டைப் புரட்டிப் பார்த்தால், பதினாறில் பதினொன்றில் மீன்தான். பிள்ளைகள் வாங்கியிருந்த கைடில் அச்சுப்பிழை. மறுநாள் வகுப்பில், "ஏல, ஒரு பவுண்டு மீனுக்காகவா ஒருத்தன் கோர்ட்டுக்குப் போவான்?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "சீலா மீனா இருக்கும் சார்" என்றான்.

வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. பிள்ளைகள் கதையைப் படிக்கவில்லை, சரி. திருத்திய நானும் படிக்கவில்லையே! பதினொரு மீனுக்கு மார்க் போட்டிருக்கிறேன். நான் நோட்ஸ் சொல்ல, அவர்கள் எழுத, கைடில் இருப்பதை மனப்பாடம் செய்து தாளில் இறக்கிவைக்க, நான் டிக் அடிக்க... இந்தச் சுற்றில் அந்தக் கதையை யாருமே வாசிக்காமல் ஒரு வருஷம் ஓடியிருக்கிறது.

கதை எதற்கு என்று கேட்டால் கற்பனை வளரும், பண்பாடு தெரியும் என்றெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதெல்லாம் இருக்கட்டும். நான் கண்ட காரணம் ஒன்றுதான், கேட்பதற்கு ரொம்பச் சின்னதாகத் தோன்றும். ஒரு பிள்ளை ஒரே ஆங்கில வாக்கியத்தை, யாரும் சொல்லாமல், இரண்டாவது தடவை பார்க்கவேண்டும். இலக்கணப் பயிற்சியில் ராமு கடைக்குப் போவான். எதற்குப் போனான் என்று ராமுவின் அம்மாவுக்கே அக்கறையில்லை. கோடிட்ட இடத்தை நிரப்பினால் வேலை முடிந்தது. அதுவே, 'அவள் கடிதத்தைப் படித்துவிட்டு விளக்கை அணைத்தாள்' என்று ஒரு வாக்கியம் வரட்டும். கடிதத்தில் என்ன இருந்தது, எதற்கு விளக்கை அணைத்தாள் என்று பிள்ளையின் கண் பின்னால் போகும். அப்படிப் போகும்போதுதான் 'படித்துவிட்டு' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்பது கண்ணில் படும். மொழி ஏறுவது அந்தத் திரும்பிப் பார்க்கும் நேரத்தில்தான்.

இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு முற்றத்தில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கிய வட்டத்தில் பாட்டை அப்படித்தான் அனுபவித்தார்கள். ஒரு கம்பன் பாட்டை எடுத்தால் திரும்பத் திரும்பச் சொல்லி, நிறுத்தி, மறுபடியும் சொல்லி, அந்தப் பாட்டே கேட்பவர் காதில் குடியேறும்வரை விடமாட்டார். பொழிப்புரை சொல்லிப் புத்தகத்தை மூடுகிற பழக்கம் அந்த முற்றத்தில் கிடையாது. தமிழுக்கு அவர் செய்ததை ஆங்கிலத்துக்குச் செய்துபார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே பத்து வருஷம் ஆகிவிட்டது.

எப்படிச் செய்வது என்பதை ஒரு வகுப்பை வைத்தே சொல்கிறேன். வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் என்று ஒரு அமெரிக்கக் கவிஞர், தொழிலால் டாக்டர். 1934-இல் வெளியான அவருடைய கவிதை ஒன்று, தலைப்பை விட்டுவிட்டால் மொத்தமே 28 சொல். கமா கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது. ஐஸ்பெட்டியில் இருந்த பிளம்ஸ் பழத்தை நான் சாப்பிட்டுவிட்டேன், காலைச் சாப்பாட்டுக்கு நீ எடுத்துவைத்திருந்தாய் போலிருக்கிறது, மன்னித்துவிடு, அவ்வளவு இனிப்பு, அவ்வளவு குளிர்ச்சி. இவ்வளவுதான் விஷயம். கரும்பலகையில் எழுதினேன். கவிஞர் பேரும் சொல்லவில்லை, இது கவிதை என்றும் சொல்லவில்லை. பிளம்ஸ் என்றால் ஒரு பழம், ஐஸ்பெட்டி என்றால் அந்தக் காலத்து ஃபிரிட்ஜ் என்று மட்டும் சொல்லிவிட்டு, மூன்று தடவை நிதானமாக வாசித்தேன். நாலாவது தடவை பிள்ளைகள் வாசித்தார்கள்.

"இது என்னது?" என்றேன். "சீட்டு சார், எழுதி வச்சிட்டுப் போயிருக்கான்." யார் யாருக்கு? இங்கேதான் வகுப்பு இரண்டுபட்டது. புருஷன் பொண்டாட்டிக்கு என்றது ஒரு கட்சி, ஹாஸ்டலில் கூடத் தங்கியிருப்பவனுக்கு என்றது இன்னொன்று. எப்படித் தெரியும், பலகையில் காட்டு என்றேன். காட்டுவதற்காக ஒவ்வொருவனும் அந்த 28 சொல்லை எத்தனை தடவை மேலும் கீழும் வாசித்தான் என்று எனக்கே கணக்கில்லை. சரி, இவன் உண்மையிலேயே மன்னிப்புக் கேட்கிறானா? ஒரு பிள்ளை, நான் அவள் குரலையே அதுவரை கேட்டதில்லை, எழுந்து சொன்னாள்: "கேக்கல சார். தின்னதும் இல்லாம, ருசியச் சொல்லி வயித்தெரிச்சலக் கிளப்புதான்." எதை வைத்துச் சொல்கிறாய் என்றதற்கு, 'ப்ராபப்ளி' என்ற சொல்லைத் தொட்டுக் காட்டினாள். "போலிருக்குன்னு சொல்லுதான்லா? எடுத்து வச்சிருக்கான்னு தெரிஞ்சேதான் தின்னிருக்கான்." அந்த ஒரு சொல்லுக்கு அகராதிப் பொருள் சொல்லி நான் எத்தனை வருஷம் கடந்துபோயிருக்கிறேன்!

அப்புறம்தான் இலக்கணத்துக்கு வந்தேன். இவன் ஏன் 'ஐ ஏட்' என்று எழுதாமல் 'ஐ ஹேவ் ஈட்டன்' என்று எழுதினான்? தின்றது முடிந்துபோன காரியம்தானே? அதே பிள்ளைதான்: "பெட்டி இப்பமும் காலியாத்தானே சார் கெடக்கு." பிரசண்ட் பெர்ஃபெக்ட் டென்ஸுக்கு நான் வருஷக்கணக்காகக் கட்டம் போட்டு, 'சின்ஸ்', 'ஃபார்' என்று அட்டவணை எழுதிக் காட்டியிருக்கிறேன். காலிப் பெட்டியை விடச் சுருக்கமான விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

மறுநாள், இதே அச்சில் ஆளுக்கொரு சீட்டு எழுதச் சொன்னேன். ஆச்சி சித்தி வீட்டுக்குக் கொடுத்துவிட எடுத்துவைத்திருந்த முந்திரிக்கொத்து பாதிப் பேர் சீட்டில் காலியானது. முந்திரிக்கொத்துக்கு ஆங்கிலம் என்ன என்று கேட்டார்கள், முந்திரிக்கொத்துதான் என்றேன். ஒருவன் அண்ணன் சைக்கிளை எடுத்துப்போய்ச் செயினை அறுத்துக்கொண்டு வந்ததை எழுதினான். ஒரு பிள்ளை எழுதியது மட்டும் வேறு மாதிரி. அம்மா நனைத்து வெட்டி வைத்திருந்த இலையை எடுத்து ரெண்டு கட்டு பீடி சுற்றிவிட்டேன், மன்னித்துவிடு, நீ தூங்கிக்கொண்டிருந்தாய். படிக்கிற வயசில் பீடித்தட்டை மடியில் வைக்கக்கூடாது என்று புத்தி சொல்லவேண்டியவன் நான். அன்றைக்கு வாய் வரவில்லை. அவள் ஆங்கிலத்தில் ஒரே ஒரு பிழை: 'யூ வாஸ் ஸ்லீப்பிங்'. நான் திருத்தவில்லை. பலகையைப் பார் என்றேன். முந்தின நாள் எழுதிய 28 சொல்லில் 'யூ வேர்' இருந்தது. பார்த்தாள், அடித்து எழுதினாள். அந்தப் பிள்ளை அதற்கப்புறம் 'யூ வாஸ்' எழுதி நான் பார்க்கவில்லை.

இதில் கவிதையின் அளவுதான் முக்கியம். வாசிப்பு பற்றிய ஆராய்ச்சியில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு: யார் துணையும் இல்லாமல் ஒரு பக்கத்தைப் புரிந்து வாசிக்க, அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு முன்பே தெரிந்திருக்கவேண்டும் என்பது. நூறு சொல்லில் ரெண்டுதான் புதுசாக இருக்கலாம். உங்கள் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் ஒரு பத்தியை எடுத்து, நடுத்தரமான ஒரு பிள்ளையிடம் கொடுத்து, தெரியாத சொல்லுக்கெல்லாம் அடிக்கோடு போடச் சொல்லுங்கள். நூற்றுக்குப் பதினைந்து, இருபது என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். எனக்கு அப்படித்தான் வந்தது. அந்தப் பத்தியை நாம் சொல் சொல்லாக உடைத்துத் தமிழில் ஊட்டுகிறோம், பிள்ளை வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிறது, வாசிப்பு நடப்பதில்லை. அதனால் பாடப்புத்தகத்துக்கு வெளியே, அவர்கள் தரத்துக்கு ஒன்றிரண்டு படி கீழே இருக்கும் கதைகள் வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு நாலாம் வகுப்புக் கதையா என்று கேட்பார்கள். ஆமாம். சொல்தான் எளிது, சங்கதி சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கக்கூடாது. பதினாலு வயசுப் பையனிடம் முயல் ஆமைக் கதையைக் கொடுத்தால் அவமானமாக நினைப்பான்.

சொல்லை எண்ணிக் கதை எழுதுகிற யோசனை நம்ம பக்கத்தில் பிறந்ததுதான். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1920-களில் டாக்காவில் வேலை பார்த்தபோது, வங்காளத்துப் பையன்கள் வருஷக்கணக்கில் ஆங்கிலம் படித்தும் ஒரு புத்தகத்தைத் தானாக வாசிக்க முடியாமல் இருப்பதைப் பார்த்தார். புதுச் சொல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக, திரும்பத் திரும்ப வரும்படி அமைத்து வாசகங்கள் தயாரித்தார். 1953-இல் அவர் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 2000 சொல். இன்று உலகம் முழுக்க 'கிரேடட் ரீடர்' என்று விற்கிற புத்தகங்களில் பெரும்பாலானவை அவர் போட்ட பாதையில் வந்தவை. அப்புறம், ஃபிஜித் தீவுகளில் 1980-களின் தொடக்கத்தில் எல்லி, மங்குபாய் என்ற இருவர் செய்த சோதனை. கிராமத்துப் பள்ளிகளில் வகுப்புக்குச் சுமார் 250 ஆங்கிலக் கதைப்புத்தகம் இறக்கினார்கள். கதை வாசித்த வகுப்புகள், வழக்கமான பயிற்சிப் பாடம் மட்டும் படித்த வகுப்புகளை வாசிப்பிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் முந்திவிட்டன. இரண்டாம் வருஷ முடிவில் எழுத்திலும் இலக்கணத்திலும் முந்தின. இலக்கணத்தைத் தனியாக நடத்தாமலே இலக்கணம் முந்தியதைத்தான் நான் நம்ம சக ஆசிரியர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். யாரும் நம்பமாட்டார்கள்.

வகுப்பில் தமிழ் பேசலாமா என்றும் ஒரு கேள்வி உங்களுக்கு வரும். தாராளமாக. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் ஐந்து ரூபாய் அபராதம் போட்ட பள்ளிக்கூடங்கள் எனக்குத் தெரியும். பிள்ளைகள் இரண்டு மொழியிலும் வாயை மூடிக்கொண்டதுதான் மிச்சம். பத்தாம் வகுப்புப் பாடத்தில் வரும் கடற்பறவைக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள், லியாம் ஓஃப்ளாஹெர்ட்டி எழுதியது. கூடப் பிறந்ததெல்லாம் பறந்துபோய்விட்டது, இந்தக் குஞ்சு மட்டும் பாறை விளிம்பில் பயந்து நிற்கிறது. அம்மா மீனைக் கொத்திக் கிட்டத்தில் கொண்டுவந்து, கொடுக்காமல் காற்றில் நிற்கிறது. பசி தாங்காமல் குஞ்சு பாய்கிறது, விழுகிறது, விழும்போதே சிறகு விரிகிறது. அயர்லாந்துக் கதை. ஆனால் ஆற்றில் முதல் தடவை இறங்கியவனுக்கு இதை விளக்கவேண்டுமா? படித்துறையில் நின்றவனை மாமா பின்னாலிருந்து தள்ளிவிட்ட கதை வகுப்புக்கு ஏழெட்டுப் பேரிடம் இருக்கும். முதலில் அதைத் தமிழில் சொல்லவிட்டேன். அப்புறம், அந்த அம்மா செய்தது சரியா? இதையும் தமிழில் சண்டை போட்டுவிட்டு வரட்டும். சண்டை சூடேறியபிறகு பலகையில் ரெண்டு அச்சு மட்டும் எழுதினேன்: 'ஷி ஷுட் ஹேவ்' என்று தொடங்கும் ஒன்று, 'இஃப் ஐ வேர் ஹர்' என்று தொடங்கும் ஒன்று. இனி இதில்தான் சண்டை போடவேண்டும் என்றேன். சொல்ல விஷயம் இருந்ததால் சொன்னார்கள், தட்டுத்தடுமாறித்தான்.

அந்தக் கதையில் தாய்ப்பறவை வாய் திறந்து பெரிதாக எதுவும் பேசாது. பேசியிருந்தால் என்ன சொல்லியிருக்கும் என்று நம்ம ஊர்த் தமிழில் எழுதச் சொன்னேன். "வால மக்கா, வந்து தின்னு. வராட்டிப் பட்டினியாக் கெட" என்று வந்தது. இதை ஆங்கிலமாக்குங்கள் என்றால், முதல் குழு, தயவுசெய்து வந்து மீனை உண்ணவும் என்கிற தோரணையில் எழுதிக்கொண்டு வந்தது. பக்கத்துக் குழுவே சிரித்தது: "அம்மை பேசுற மாதிரியா இருக்கு? ஹெச்.எம். அனௌன்ஸ்மெண்ட் மாதிரில்லா இருக்கு." அப்புறம் உட்கார்ந்து சுருக்கிச் சுருக்கி, 'கம் ஆன், ஈட்! ஆர் ஸ்டார்வ்' என்று முடித்தார்கள். ஆச்சியிடம் பேசுகிற தமிழும் மேடையில் பேசுகிற தமிழும் வேறு என்று தெரிந்த பிள்ளைகளுக்கு, ஆங்கிலத்திலும் அப்படி வீட்டுப் பேச்சு, ஆபீஸ் பேச்சு உண்டு என்று தெரிய ஒரு பீரியடு போதும். நாம்தான் ஆபீஸ் ஆங்கிலத்தை மட்டும் காட்டி, ஆங்கிலம் என்றாலே விறைப்பு என்று நினைக்க வைத்திருக்கிறோம்.

இன்னொன்று, இது என் சொந்தப் பைத்தியம் என்றுகூட நீங்கள் நினைக்கலாம். பதினோராம் வகுப்புத் துணைப்பாடத்தில் வந்த ஓ. ஹென்றியின் இருபது வருஷக் கதையை வில்லுப்பாட்டாகப் போட்டோம். நியூயார்க்கில் பிரிந்த இரண்டு நண்பர்கள், இருபது வருஷம் கழித்து அதே இடத்தில் சந்திப்பதாக வாக்கு. ஒருவன் குற்றவாளியாக வந்து நிற்கிறான், இன்னொருவன் போலீஸ்காரனாக வந்து, அடையாளம் தெரிந்தும் சொல்லிக்கொள்ளாமல் போய்விடுகிறான். கைது செய்ய வேறு ஆளை அனுப்புகிறான், கையில் ஒரு சீட்டைக் கொடுத்து. சுடலைமாடன் கோயில் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்ட பிள்ளைகள்தானே நம்மிடம் படிப்பவர்கள்! தண்ணீர்க் குடம் கிடைத்தது, வில்லைத் தட்டும் வீசுகோலுக்கு இரண்டு மர ஸ்கேல். தந்தனத்தோம் என்று தமிழில் தொடங்கி, கதை மட்டும் ஆங்கிலத்தில். பாடுகிறவன் 'தே பார்ட்டட் ட்வென்டி இயர்ஸ் எகோ' என்பான். பின்பாட்டுக்காரர்கள் 'ஆமா, ட்வென்டி இயர்ஸ் எகோ!' என்று திருப்புவார்கள். ஒரு வாக்கியத்தை வகுப்பு முழுக்கப் பத்துத் தடவை சொல்ல வைக்க நான் பிரம்பு எடுத்த காலமும் உண்டு. பின்பாட்டில் அது தானாக நடந்தது, தாளத்தோடு, எந்த இடத்தில் அழுத்திச் சொல்வது என்பதோடு.

அந்தக் கதையில் கடைசிச் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்பதை மட்டும் நான் முதல் நாள் வாசிக்கவில்லை. புத்தகத்தில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஏழெட்டுப் பேர் அன்று ராத்திரியே வீட்டில் படித்துவிட்டு, மறுநாள் மற்றவர்களிடம் சொல்லாமல் முறுக்கிக்கொண்டு திரிந்தார்கள். எனக்குத் தெரிந்து ஆங்கிலப் புத்தகத்தை யாரும் சொல்லாமல் அவர்கள் திறந்தது அதுதான் முதல் தடவை.

கூடாதவை சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷேக்ஸ்பியர் மூலத்தைத் தொடாதீர்கள். கதையாகச் சொல்லுங்கள், போதும். ஜி.யு. போப்பையர் மேல் எனக்கு மரியாதை அதிகம். சாயர்புரத்தில் பள்ளி நடத்தியவர், 1886-இல் குறளை ஆங்கிலச் செய்யுளாக்கியவர். ஆனால் அந்த மொழிபெயர்ப்பை ஒன்பதாம் வகுப்பில் வைத்து ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அந்தக் கால எதுகைக்காகத் திருகிய வாக்கியமும் 'தௌ', 'தை' போன்ற சொல்லும் லீவ் லெட்டரில் வந்து நிற்கும். பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரிந்த ஒரு குறளைக் கொடுத்து அவர்களையே இரண்டு எளிய ஆங்கில வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள், நன்றாக வரும். லீவ் லெட்டர், வங்கிப் படிவம், போனில் விவரம் கேட்பது, இவற்றுக்கெல்லாம் கவிதை உதவாது. அதைத் தனியாக, நேரடியாகப் பழக்கத்தான் வேண்டும். கதையின் நீதி என்ன என்ற கேள்வியை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்ட நிமிஷம் பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் இலக்கியத்தை நம் தலையில் கட்டும் வேலைதானே என்று ஒரு நண்பர் என்னோடு வாதாடுவார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நெல்லைக்கு ஆங்கிலம் படிக்க அனுப்பப்பட்ட பாரதியே சுயசரிதையில் அந்தப் படிப்பை வறுத்தெடுத்திருக்கிறார். ஆனால் அவர் எதைச் சொல்லித் திட்டினார் என்று பாருங்கள்: 'அணிசெய் காவியம் ஆயிரங் கற்கினும் ஆழ்ந்திருக்கும் கவியுளம் காண்கிலார்'. காவியத்தைத் திட்டவில்லை, கற்ற விதத்தைத் திட்டினார். திட்டியவரே ஷெல்லிதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர். கைடில் படித்து யாரும் ஷெல்லிக்குத் தாசனாக முடியாது.

நம்ம ஊர் ஆட்கள் எழுதிய ஆங்கிலமும் இருக்கிறது. பெருங்குளத்துக்காரர் அ. மாதவையா 1915-இல் 'கிளாரிந்தா' என்று ஆங்கிலத்திலேயே ஒரு சரித்திர நாவல் எழுதினார். 1785-இல் பாளையங்கோட்டையில் கிறிஸ்தவக் கோயில் கட்டிய கிளாரிந்தா அம்மாளின் கதை; நம்ம ஜனங்கள் பாப்பாத்தியம்மாள் என்று சொல்வார்களே, அவரேதான். முழு நாவல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆகாது. அரைப்பக்கம் எடுத்து, நீங்களே கொஞ்சம் எளிதாக்கி வாசித்துக்காட்டிவிட்டு, ஒரு சனிக்கிழமை பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய் அந்தக் கோயிலைக் காட்டுங்கள். பிளஸ் டூவுக்கு, பாடத்திலேயே ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் எழுதிய தேநீர்க் கட்டுரை வந்தது, பதினொரு விதி போட்டு, சீனி போடவே கூடாது என்று சண்டை பிடிப்பார். அதே மாதிரி சுக்குக் காப்பிக்கோ சொதிக்கோ பதினொரு விதி எழுதச் சொன்னால் இம்பரேட்டிவ் என்கிற கட்டளை வாக்கியம் அத்தனையும் வந்துவிடும். சொதிக்கு இஞ்சிப் பச்சடி உண்டா இல்லையா என்று நடக்கிற சண்டைக்கு நான் பொறுப்பில்லை.

இனி நேரம். வாரத்துக்கு ஒரே ஒரு பீரியடு, அப்புறம் தினம் வகுப்பு தொடங்கும்போது ஐந்து நிமிஷம் நீங்கள் சத்தமாக வாசிப்பது. இவ்வளவுதான் நான் கேட்பது. அந்த ஐந்து நிமிஷத்தில் கேள்வி கேட்கக் கூடாது, அர்த்தம் சொல்லக் கூடாது, சுவாரசியமான இடத்தில் நிறுத்திவிடவேண்டும். தேர்வு என்னாகும் என்று ஹெச்.எம். கேட்டால், மனப்பாடப் பாட்டுக்கு மார்க் இருக்கிறது, சத்தமாக வாசித்த வகுப்புக்கு அது தானாக வரும் என்று சொல்லுங்கள். அதுவே அவருக்குப் போதும். பத்திக்கேள்விக்குக் கைடு பதில் வேண்டும் என்ற பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தான் செய்வேன், மறைக்கவில்லை. ஆனால் முதலில் தானாக ஐந்து வரி எழுதிக் காட்டினால்தான் கொடுப்பேன். போகப்போகச் சிலர் கைடைக் கேட்பதை மறந்தார்கள். எல்லோரும் அல்ல.

புத்தகத்துக்குக் காசு தேடி அலையவேண்டாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை வாரியாகக் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. ஒரே கதையை இரண்டு மொழியிலும் அச்செடுத்து, வீட்டில் தமிழை வாசித்துவிட்டு வகுப்பில் ஆங்கிலத்துக்கு வரச் சொல்லலாம். எழுத்துக்கூட்டுகிற உங்கள் பாதி வகுப்புக்கு நான் முதலில் செய்வது இதைத்தான். நம்ம அரசின் வாசிப்பு இயக்கத்துத் தமிழ்ப் புத்தகங்கள் உங்கள் பள்ளிக்கும் வந்திருக்கும். தமிழை ஓட்டமாக வாசிக்காத பிள்ளை ஆங்கிலத்தை ஓட்டமாக வாசிப்பது ரொம்பக் கஷ்டம், அதனால் அவற்றை அலமாரியில் பூட்டி வைக்கவிடாதீர்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று இந்த வாரமே கேளுங்கள்.

முதல் வாரத்துக்கு அந்த 28 சொல் சீட்டையே எடுங்கள். பிள்ளைகள் எழுதிக் கொடுக்கும் நாற்பத்திரண்டு சீட்டையும் சிவப்பு மையை எடுத்துக்கொண்டு அன்று ராத்திரியே திருத்த உட்காராதீர்கள். அப்படியே பின்சுவரில் ரெண்டு நாள் ஒட்டி வையுங்கள். இடைவேளையில் எந்தச் சீட்டுக்கு முன்னால் கூட்டம் நிற்கிறது என்று பாருங்கள். அதை எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு, அடுத்த திங்கட்கிழமை அதையே பலகையில் எழுதச் சொல்லி, அதிலிருந்து இலக்கணத்தைத் தொடங்குங்கள்.